ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சுத் துணையாக ஒரு ரோபோ: டெல்டா வீடுகளுக்கான முழு வழிகாட்டி

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மாமா ஒரு வீடியோ அனுப்பியிருப்பார். அதில் ஒரு குட்டி ரோபோ கையை ஆட்டும், எதிரே இருக்கும் பிள்ளை சிரிக்கும். மறுநாளே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும்: நம்ம பிள்ளைக்கும் இது ஒன்று வாங்கிக் கொடுத்தால் பேசிவிடுவானா? கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் சிறப்பாசிரியராக வேலை பார்க்கும் என்னிடம் இதைக் கேட்காத பெற்றோர் குறைவு. எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

ரோபோ உதவும். ஆனால் அது பிள்ளைக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் கிடையாது. பிள்ளைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் நடுவில், இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பதற்கும் சேர்ந்து பேசுவதற்கும் ஒரு விஷயத்தை உண்டாக்குவதுதான் அதன் வேலை. கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்து கிளம்புகிறவைதான்.

ஏன் சில பிள்ளைகளுக்கு ரோபோ பிடிக்கிறது

மனித முகம் ஒரு நொடியில் பத்து விஷயம் செய்யும். புருவம் ஏறும், குரல் மாறும், கண் வேறு எங்கோ போகும். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இத்தனையையும் ஒரே நேரத்தில் உள்வாங்குவது பெரிய பாரம். ரோபோ நேற்றுச் செய்ததையே இன்றும் செய்யும், ஐம்பதாவது தடவையும் முதல் தடவை சொன்ன அதே தொனியில் சொல்லும், முகம் சுளிக்காது.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் டாட்டன்ஹான் குழுவினர் 2005-ல் காஸ்பர் என்ற ரோபோவைச் செய்யத் தொடங்கியபோது முகத்தை வேண்டுமென்றே எளிமையாக வைத்தார்கள். குழந்தை உயரம், அதிக அசைவில்லாத முகம், அழுத்திக் கிள்ளினால் வலிப்பதாகச் சொல்லும் உணரிகள். ஜப்பானில் ஹிடெகி கோசிமா செய்த கீபான் இன்னும் எளிது. மஞ்சள் நிறத்தில் இரண்டு உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போன்ற உருவம்; பார்க்க வேண்டியதைத் திரும்பிப் பார்க்கும், சந்தோஷம் வந்தால் மேலும் கீழும் குதிக்கும், ஆடும். அவ்வளவுதான்.

2 ஆய்வுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2013-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது ஒன்று. 4 முதல் 12 வயது வரையிலான 24 பிள்ளைகளை ஒரு தடவை டைனோசர் ரோபோவோடும், ஒரு தடவை ஒரு பெரியவரோடும், ஒரு தடவை கம்ப்யூட்டர் விளையாட்டோடும் விட்டார்கள், ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இன்னொரு பெரியவர் இருந்தார். ரோபோ இருந்தபோதுதான் பிள்ளைகள் அந்தப் பக்கத்துப் பெரியவரிடம் அதிகமாகப் பேசினார்கள். இரண்டாவது 2018-ல், அதே பல்கலைக்கழகத்தின் பிரையன் ஸ்காசெல்லாட்டி குழு செய்தது. 12 குடும்பங்களின் வீட்டில் 30 நாள், தினமும் அரை மணி நேரம், வீட்டுப் பெரியவர் ஒருவரும் கூட இருக்க ரோபோவோடு விளையாட்டு. ரோபோ பக்கத்தில் இல்லாதபோதும் பிள்ளைகளின் கூட்டுக் கவனம், அதாவது இன்னொருவர் பார்ப்பதைத் தானும் பார்ப்பது, கூடியிருந்தது. ஆனால் ரோபோவை எடுத்துக்கொண்டு போய் ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த முன்னேற்றம் சரிந்திருந்தது. இந்தக் கடைசி வரியைப் பொம்மை விற்கிறவர்கள் சொல்வதில்லை.

படி 1: வாங்குவதற்கு முன்னால் காது

பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் கேட்புத்திறன் பரிசோதனை. அரசு மருத்துவமனையிலேயே கேளுங்கள், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே இருக்கிறது என்று. டிஇஐசி என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். 18 வயது வரை பார்ப்பார்கள், கட்டணம் கிடையாது. வலிப்பு வந்ததுண்டா என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆட்டிசத்தோடு வலிப்பும் இருக்கும் பிள்ளைகள் பலர் உண்டு, மின்னி மின்னி எரியும் விளக்கு வைத்த ரோபோ அவர்களுக்கு ஆகாது.

படி 2: ஒரே ஒரு இலக்கு

"நல்லாப் பேசணும்" என்பது இலக்கு ஆகாது. ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: பிள்ளை எதையாவது கேட்க வேண்டியிருந்தால் என்ன செய்கிறது? கையைப் பிடித்து இழுத்துப் போகிறதா, அழுகிறதா, தானே ஏறி எடுத்துக்கொள்கிறதா, விளம்பரத்தில் கேட்ட வரியைத் திரும்பச் சொல்கிறதா? அந்தத் திரும்பச் சொல்வதும் பேச்சுதான், பல தடவை அதற்குள் ஒரு தேவை இருக்கும், அதை அடக்காதீர்கள். எழுதி முடித்தபிறகு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக: "தண்ணீர் வேண்டும்போது வாயாலோ, சைகையாலோ, படத்தைக் காட்டியோ பாட்டியிடம் கேட்க வேண்டும்." யாரிடம் என்பது இலக்கிலேயே இருக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கண்ணைப் பார்த்துப் பேச வைப்பதை இலக்காக வைக்காதீர்கள். கையை உதறுவதை நிறுத்துவதையும் வைக்காதீர்கள். பார்க்காமலே கேட்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர்; முகத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்க்கச் சொன்னால் கேட்பதும் போய்விடும்.

படி 3: எந்த ரோபோ

நாவோ என்ற 58 சென்டிமீட்டர் உயர ரோபோ, மைலோ, க்யூடி ரோபோ என்று வெளிநாட்டு மையங்களில் பயன்படுத்துகிறார்கள். விலை லட்சங்களில். ஒரு வீட்டுக்கு இது தேவையே இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. பணத்தைத் தாண்டி இன்னும் 2 காரணம் உண்டு.

ஒன்று மொழி. வாங்கும் ரோபோ பெரும்பாலும் இங்கிலீஷ்தான் பேசும். பிள்ளை அதோடு சேர்ந்து இங்கிலீஷ் வார்த்தை சொல்ல ஆரம்பித்துவிடும், வீட்டில் இருக்கும் பாட்டிக்கு அது புரியாது, யாரோடு பேச வைக்கக் கிளம்பினோமோ அவர்களே வெளியே நிற்பார்கள். இரண்டாவது இணையம். நிறுவனத்தின் சர்வரை நம்பி ஓடும் ரோபோ, நிறுவனம் போனால் கூடவே போய்விடும். ஜிபோ என்ற வீட்டு ரோபோவின் சர்வர்களை 2019-ல் மூடப்போவதாக அந்த ரோபோவே வீட்டாரிடம் அறிவித்தது. குழந்தைகளுக்கென்றே வந்த மாக்ஸி ரோபோவைச் செய்த நிறுவனமும் 2024 டிசம்பரில் மூடுவதாக அறிவித்தது, அதோடு பேசிப் பழகிய பிள்ளைகளுக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று பெற்றோர் தவித்தார்கள். மாறுதலையே தாங்க முடியாத பிள்ளைக்கு இப்படி ஒரு பிரிவு வரக்கூடாது. போதாததற்கு ஐப்பசி கார்த்திகை மழையில் நம் பக்கம் கரண்டும் நெட்டும் எத்தனை மணிக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. உண்மையாகத்தான் சொல்கிறேன். தொட்டால் ஆடும், ஆடி முடித்தால் நேராக நிற்கும், தினமும் அப்படியே. 'நான் செய்தால் அது செய்கிறது' என்ற எண்ணம் பிள்ளைக்குப் பிடிபட்டிருக்கிறதா என்று அதை வைத்தே பார்த்துவிடலாம், ஆடும்போது நிறுத்திப் பிடித்து "இன்னும்?" என்று கேட்டுக் காத்திருந்தால் பேச்சுக்கான முதல் பாடமும் அங்கேயே நடந்துவிடும். பிள்ளை அதில் லயித்தால் அடுத்தது வீட்டில் செய்யும் ரோபோ. பொம்மையைப் பார்த்து மிரண்டாலோ, திரும்பியே பார்க்காவிட்டாலோ ரோபோ வழி அந்தப் பிள்ளைக்கு வேண்டாம். எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது, வேறு வழிகள் இருக்கின்றன.

படி 4: செய்துகொள்வது

தலை இடம் வலம் திரும்ப ஒன்று, மேலும் கீழும் அசைய ஒன்று, கை தூக்க ஒன்று என்று 3 சின்ன சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்), அவற்றை இயக்க ஆர்டுயினோ அல்லது இஎஸ்பி32 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று, மெமரி கார்டிலிருந்து ஒலியைப் பாட வைக்கும் டிஎஃப்பிளேயர் மினி, ஒரு ஸ்பீக்கர், நீளமான வயரில் நான்கைந்து பட்டன். போதும். தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் பக்கம் இன்ஜினியரிங், பாலிடெக்னிக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, கடைசி வருட மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்கு விஷயம் தேடிக்கொண்டிருப்பார்கள், போய்க் கேளுங்கள். அவர்களிடம் இந்தக் காகிதத்தைக் கொடுங்கள்:

- மோட்டார்களுக்குத் தனியாக 5 வோல்ட் கொடுக்கவும், கிரவுண்ட் வயர் மட்டும் போர்டோடு பொதுவாக இருக்கட்டும். போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்தால் தலை திரும்பும் நேரத்தில் போர்டு ரீசெட் ஆகும், பாதி வார்த்தையில் குரல் நிற்கும்.
- டிஎஃப்பிளேயரின் ஆர்எக்ஸ் காலில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடவும், இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும்.
- மோட்டாரை ஒரே தாவலில் திருப்பாமல் சின்னச் சின்ன டிகிரியாக மெதுவாகத் திருப்பவும், நின்றதும் சிக்னலைத் துண்டிக்கவும். நின்றபிறகும் மோட்டார் போடும் 'ங்ங்' சத்தத்தை நாம் கவனிக்க மாட்டோம், பிள்ளை கவனிக்கும்.
- பவர் பேங்க் போட்டால் மின்சாரம் குறைவாக இழுக்கும் நேரத்தில் அது தானாக அணைந்துவிடும், சோதித்துப் பார்த்து வாங்கவும். பேட்டரி மூடி திருகாணியால் மூடியிருக்க வேண்டும். பட்டன் செல் எதிலும் வேண்டாம், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.
- கேமரா, மைக், செயற்கை நுண்ணறிவு எதுவும் வேண்டாம். பட்டனை மனிதர்தான் அழுத்துவார்.

கடைசிக் குறிப்பில் மாணவர்கள் முகம் வாடும். தானாகப் பேசும் ரோபோ செய்யத்தான் அவர்களுக்கு ஆசை. ஆனால் உலகம் முழுக்க இந்தத் துறையில் நடந்த ஆய்வுகள் பலவற்றில் ரோபோவை மறைவில் ஒருவர் உட்கார்ந்துதான் இயக்கினார். பிள்ளை விரலை லேசாக நீட்டியதைப் பார்த்து அந்த நொடியில் பதில் கொடுக்க அம்மாவின் கண்ணுக்குத்தான் தெரியும்.

உடம்பைக் காகிதக் கூழில் செய்யலாம், நம் ஊர்ப் பொம்மைக் கைவினைஞர்களுக்குக் கைவந்த வேலை அது. ஆனால் நகை, ஜிகினா, பத்து வண்ணம் எல்லாம் வேண்டாம். இரண்டு கண், ஒரு வாய், ஒரே நிறம்.

குரலை வீட்டில் இருப்பவரே பதிவு செய்யுங்கள், வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே. "தண்ணி வேணும்", "இன்னும் ஆடு", "போதும்", "அங்க பாரு", "அம்மாகிட்ட கேளு". ஆரம்பத்துக்கு 10 வரிக்கு மேல் வேண்டாம்.

படி 5: அறிமுகம்

முதல் நாள் ஆன் செய்யவே வேண்டாம். அலமாரியில் இருக்கட்டும், பிள்ளை தானாக வந்து தொடட்டும், திருப்பிப் பார்க்கட்டும். அப்புறம் தலையை மட்டும் அசைத்துக் காட்டுங்கள். குரல் கடைசியில், சன்னமாக. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், 5 நிமிடம். கோயில் திருவிழா மைக் செட் அலறும் நாட்களில், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் தவில் ஒலிக்கும் நேரத்தில் விட்டுவிடுங்கள், ஏற்கனவே காது நிரம்பியிருக்கும் பிள்ளையிடம் இன்னொரு சத்தத்தைக் கொண்டு போகாதீர்கள். அறைக் கதவு திறந்திருக்கட்டும். எழுந்து போனால் போகட்டும்.

படி 6: உட்காரும் முறையும் விளையாட்டும்

மூன்று பேரும் முக்கோணமாக உட்காருங்கள்: பிள்ளை, ரோபோ, அம்மா. அம்மா பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்தால் ரோபோவும் பிள்ளையும் மட்டும் ஒரு உலகமாகிவிடுவார்கள்.

நான் முதலில் சொல்லிக்கொடுப்பது "போதும்", "வேணாம்" இரண்டையும்தான். பெற்றோருக்கு இது வியப்பாக இருக்கும், "இன்னும் கேட்கவே தெரியலையே, மறுக்கச் சொல்லிக்கொடுக்கறீங்களே?" என்பார்கள். யோசித்துப் பாருங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நாள் முழுக்க யாராவது சட்டை மாட்டுகிறார்கள், ஊட்டுகிறார்கள், தூக்கிக்கொண்டு போகிறார்கள், மறுக்க வழி தெரியாததாலும் பல நேரம் கடிப்பதும் தலையை முட்டிக்கொள்வதும் வருகிறது. ரோபோ ஆடிக்கொண்டிருக்கும்போது பிள்ளை முகத்தைத் திருப்பினால், கையால் தள்ளினால், அந்த நொடியே பட்டனை அழுத்தி நிறுத்துங்கள். ரோபோ "போதும்" என்று சொல்லிவிட்டு நிற்கட்டும். ஒவ்வொரு தடவையும், விதிவிலக்கே இல்லாமல். "இன்னும் ஒரே ஒரு தடவை கண்ணு" என்று அம்மா கெஞ்சக்கூடாது. தான் சொன்னால் உலகம் நிற்கிறது என்று தெரிந்துகொண்ட பிள்ளைதான் அடுத்து எதையாவது கேட்கத் துணியும். இதையே நாளைக்கு முடி வெட்டும்போது, மாமா தூக்கிக் கொஞ்சும்போது சொன்னாலும் நீங்கள் நிறுத்தியாக வேண்டும், அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் இதை ஆரம்பியுங்கள்.

அடுத்தது கேட்பது. ரோபோ ஆடுகிறது, நடுவில் நிற்கிறது. அம்மா ஒன்றும் சொல்லாமல் மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். நம் வீடுகளில் இதுதான் கஷ்டம். தாத்தா "சொல்லுடா, சொல்லுடா" என்பார், அத்தை வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். யாரும் பேசாதீர்கள். விரல் நீட்டல், ஒரு 'ம்', படத்தைத் தொடுவது, டேப்லெட்டில் அழுத்துவது எல்லாம் பதில்தான், உடனே ரோபோ ஆட வேண்டும். படத்தைத் தொட்டால் அந்த வார்த்தையைச் சொல்லும், சென்னையில் உருவான அவாஸ் ஆப் தமிழிலும் இருக்கிறது, பேச்சு வராத பிள்ளைக்குப் படமும் ஆப்பும் கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி நடப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

மூன்றாவதில்தான் ரோபோவின் உண்மையான பயன் இருக்கிறது. ரோபோவால் முடியாத ஒன்றை வையுங்கள். பந்து கூடைக்குள் இருக்கிறது, ரோபோ கூடையைப் பார்த்துத் திரும்புகிறது, "பாட்டிகிட்ட கேளு" என்கிறது. பிள்ளை பாட்டி பக்கம் திரும்பினாலே போதும், பாட்டி பந்தைக் கொடுக்கிறார், "இந்தா தங்கம்" என்கிறார், மூவரும் உருட்டுகிறார்கள். நன்றாகப் பழகியபிறகு ரோபோ தப்பு செய்யட்டும். பந்தைக் காட்டி "தண்ணி" என்று சொன்னால், அதுவரை ஒரு வார்த்தை கூடச் சொல்லாத பிள்ளை சில நேரம் "இல்ல!" என்று திருத்தும். அம்மாவைத் திருத்துவதைவிட ரோபோவைத் திருத்துவது அவர்களுக்குச் சுலபம்.

5 நிமிடம் 15 நிமிடம் வரை போகலாம். அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

படி 7: ரோபோவை வெளியே எடுப்பது

2018 ஆய்வில் முன்னேற்றம் சரிந்ததைச் சொன்னேன் அல்லவா, அதனால் மூன்றாவது வாரத்திலேயே இதைத் தொடங்கிவிடுங்கள். குரல் பதிவு பாட்டியுடையது என்றால் இப்போது வசதி: ரோபோ வாயைத் திறக்கும் முன் பாட்டி அதே வரியை அதே தொனியில் சொல்வார். ரோபோ தலையை மட்டும் ஆட்டும். சில நாள் கழித்து ரோபோ அணைந்த நிலையில் வெறுமனே பக்கத்தில் இருக்கும். பிறகு அலமாரியில். விளையாட்டு மட்டும் அப்படியே தொடரும், ஆட்கள் மாறுவார்கள்: அண்ணன், எதிர்வீட்டு அக்கா, மத்தியானம் வரும் கீரைக்காரம்மா.

அப்புறம் வெளியே. தெருமுனைப் பெட்டிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, பிள்ளை படத்தைக் காட்டிக் கடலை மிட்டாய் கேட்கட்டும். நம் ஊர்களில் கடைக்காரருக்குப் பிள்ளையைப் பிறந்ததிலிருந்து தெரியும், "கொஞ்சம் காத்திருங்க அண்ணே, அவனே கேப்பான்" என்றால் காத்திருப்பார். பெரிய நகரத்தில் கிடைக்காத வசதி இது.

படி 8: நோட்டு

தினமும் மூன்றே விஷயம் எழுதுங்கள்: தானாக ஆரம்பித்ததா, யாரிடம், எப்படி. இரண்டு மாதம் ஆகியும் 'யாரிடம்' என்ற இடத்தில் ரோபோ மட்டுமே இருந்தால் விளையாட்டை மாற்றுங்கள், ரோபோவின் வேலையைக் குறைத்து மனிதரின் வேலையைக் கூட்டுங்கள். மோட்டாரைக் கழற்றுவதில் மட்டும் ஆர்வம் போனால் அதுவும் நல்லதுதான். திருப்புளியைக் கேட்டு வாங்குவதையே இலக்காக்கிவிடலாம். ஆனால் எடுத்து வைக்கும்போதெல்லாம் அரைமணி நேரம் அழுகை என்றால் நிறுத்திவிட்டுத் தெரபிஸ்டிடம் பேசுங்கள்.

வீடியோ எடுத்தால் தெரபிஸ்டுக்கு மட்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், பிள்ளை சம்மதம் சொல்லும் வயது வரவில்லை.

பெரியவர்களுக்கு

பதினைந்து, இருபத்தைந்து வயதில் இருப்பவர்களுக்குப் பொம்மை முகம் வேண்டாம், அது அவமானம். என்ன பழக வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். மினி பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பது, வங்கிக் கவுன்டர், போனில் டாக்டர் அப்பாயின்ட்மென்ட். எதிராளியின் வரிகளை ரோபோவோ வெறும் ஸ்பீக்கரோ சொல்ல, அவர்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஒத்திகை பார்க்கலாம். கண்டக்டர் எரிந்து விழும் வரியையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள், அதுதான் உண்மையில் வரும்.

செலவும் பகிர்வும்

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது, யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்கிவிடுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் வரும். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், ஒரு வட்டாரத்துக்கு ஒன்றிரண்டு ரோபோ செய்து அங்கே வைத்து மாற்றி மாற்றி எடுத்துப் போனால் வீட்டுக்கு ஒன்று தேவையில்லை. ஒரு வீட்டில் வேலை முடிந்ததும் மெமரி கார்டில் இருக்கும் குரல்களை அழித்துவிட்டு, புது வீட்டில் பிள்ளையோடு அதிக நேரம் இருக்கிறவரை உட்காரவைத்துப் பத்து வரியையும் மறுபடி பதிவு செய்யுங்கள். அந்த வீட்டில் சோறு என்கிறார்களா, சாதம் என்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.